கேள்விக்குக் காத்திருந்த சேர்மங்கள்

(உலக எய்ட்ஸ் நாளையொட்டி, கல்லூரி வேதியியல் மன்றம் ஒன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



எச்.ஐ.வி. பற்றிப் பேச ஒருவர் மேடை ஏறினால் எச்சரிக்கையும் அறிவுரையும் வரும் என்றுதான் அவை எதிர்பார்க்கும். என்னை அழைத்திருப்பது வேதியியல் மன்றம். ஆகவே மூலக்கூறுகளைப் பற்றியே பேசுகிறேன்.

எச்.ஐ.வி.க்கு மருந்தே கிடையாது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். வைரஸை உடலிலிருந்து அடியோடு ஒழிக்கும் மருந்து இல்லை என்பது உண்மை. ஆனால் அதைத் தலைதூக்க விடாமல் அடக்கி வைக்கும் மருந்துகள் முப்பதுக்கும் மேல் இருக்கின்றன. 2024ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் 4 கோடியே 8 லட்சம் பேர் இந்த வைரஸோடு வாழ்கிறார்கள். அவர்களில் 3 கோடியே 16 லட்சம் பேர் மருந்து எடுத்துக்கொள்கிறார்கள். அதே ஆண்டில் 13 லட்சம் பேருக்குப் புதிதாகத் தொற்றியது. 6 லட்சத்து 30 ஆயிரம் பேர் எய்ட்ஸ் தொடர்பான நோய்களால் இறந்தார்கள். சாதித்தது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்பதை இந்த எண்களே சொல்லிவிடும்.

இந்தத் தேடலின் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதிப்பட்டது. முக்கியமான மருந்துகளில் பல, எச்.ஐ.வி.க்கென்று தொடங்கிய ஆய்வில் பிறந்தவை அல்ல. வேறு வேலைக்காகச் செய்யப்பட்டு, அந்த வேலையில் தோற்று, குறிப்பேட்டில் ஒரு வரியாகக் கிடந்தவை. சரியான கேள்வியோடு ஒருவர் வந்தபோதுதான் அவை மருந்தாயின. சேர்மங்களுக்கு உலகில் பஞ்சமில்லை, நல்ல கேள்விக்குத்தான் பஞ்சம். இதைத்தான் இன்று சில உதாரணங்களோடு சொல்ல வந்திருக்கிறேன்.

புற்றுநோயில் தோற்ற மருந்து

1964ஆம் ஆண்டு. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து மிச்சிகன் புற்றுநோய் அறக்கட்டளையில் ஜெரோம் ஹார்விட்ஸ் என்ற வேதியியலாளர் வேலை பார்த்துவந்தார். புற்றணு வேகமாகப் பெருக வேண்டுமானால் டி.என்.ஏ.வை வேகமாகப் படியெடுத்தாக வேண்டும். டி.என்.ஏ.வின் கட்டுமானப் பொருள்களில் ஒன்றைப் போலவே தோற்றமளிக்கும் போலிப் பொருளைக் கொடுத்தால் அந்த வேலை நின்றுபோகாதா என்று அவர் யோசித்தார். இந்த வகை யோசனைக்குப் பின்னால் ஒரு கடற்பஞ்சு உண்டு. 1950களின் தொடக்கத்தில் வெர்னர் பெர்க்மன் என்பவர் கரீபியக் கடலில் எடுத்த கடற்பஞ்சிலிருந்து, வழக்கமான சர்க்கரைக்குப் பதில் வேறொரு சர்க்கரை ஒட்டிய நியூக்ளியோசைடுகளைப் பிரித்தெடுத்திருந்தார். இயற்கையே போலிகளைச் செய்கிறது என்று தெரிந்ததும் வேதியியலாளர்கள் பலரும் அந்தத் திசையில் இறங்கினார்கள்.

ஹார்விட்ஸ் செய்த மாற்றம் மிகச் சிறியது. டி.என்.ஏ.வின் கட்டுமானப் பொருள்களில் ஒன்றான தைமிடினின் சர்க்கரைப் பகுதியில் மூன்றாம் கார்பனில் இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதியை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் மூன்று நைட்ரஜன் அணுக்கள் கொண்ட அசைடு தொகுதியை வைத்தார். அசிடோதைமிடின், சுருக்கமாக ஏ.இசட்.டி. உருவானது. ரத்தப் புற்றுநோய் வந்த எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பலனில்லை. ஹார்விட்ஸ் அதற்குக் காப்புரிமைகூட வாங்கவில்லை.

1974இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் வுல்ஃப்ராம் ஆஸ்டர்டாக், எலிகளைத் தாக்கும் ஒரு ரெட்ரோவைரஸை (ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுக்கும் வகை வைரஸ்) ஏ.இசட்.டி. தடுக்கிறது என்று காட்டினார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அன்றைய நிலையில் மனிதனுக்கு நோய் உண்டாக்கும் ரெட்ரோவைரஸ் எதுவும் தெரிந்திருக்கவில்லை. விடை வந்துவிட்டது, கேள்விதான் இன்னும் பிறக்கவில்லை.

1981 ஜூன் 5ஆம் தேதி, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஐந்து இளைஞர்களுக்கு அபூர்வமான நிமோனியா வந்திருப்பதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார இதழில் ஒரு சிறு குறிப்பு வந்தது. 1983இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஃபிரான்சுவாஸ் பாரே-சினூசி, லூக் மோன்டாக்னியே குழுவினர் எய்ட்ஸ் என்று பெயர்பெற்ற அந்த நோய்க்குக் காரணமான வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அது ஒரு ரெட்ரோவைரஸ் என்று தெரிந்த கணத்தில் கேள்வி பிறந்துவிட்டது.

வட கரோலினாவில் இருந்த பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் ஜேனட் ரைடவுட் என்ற வேதியியலாளர் கைவசமிருந்த சேர்மங்களில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். மார்ட்டி செயின்ட் கிளேர் அவற்றை எலி வைரஸ்களின் மீது சோதித்தார். ஏ.இசட்.டி. சேர்த்த தட்டுகளில் வைரஸின் தடயமே தெரியவில்லை. அந்தப் பொருள் ‘எஸ்’ என்ற குறியீட்டோடு அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துக்குப் போனது. சாமுவேல் புரோடரின் ஆய்வகத்தில் ஹிரோவாகி மிட்சுயா அதை உயிருள்ள எச்.ஐ.வி.யோடு சேர்த்துச் சோதித்தார். 1985 பிப்ரவரியில் முடிவு தெரிந்தது. ஜூலையில் முதல் நோயாளிக்கு மருந்து ஏறியது.

அடுத்து நடந்த மருந்தாய்வில் 282 பேர் சேர்ந்தார்கள். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஏ.இசட்.டி., மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. 1986 செப்டம்பரில் இடைக்கணக்கு எடுத்துப் பார்த்தபோது, போலி மாத்திரை எடுத்தவர்களில் 19 பேர் இறந்திருந்தார்கள், ஏ.இசட்.டி. எடுத்தவர்களில் ஒரே ஒருவர். ஆய்வை அப்போதே நிறுத்தி எல்லாருக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். 1987 மார்ச்சில் ஒப்புதல் கிடைத்தது.

சொல்ல மறந்துவிடக் கூடாது: ஹார்விட்ஸ் 1960களில் செய்து பார்த்த வேறு இரண்டு போலி நியூக்ளியோசைடுகளும் பின்னாளில் எச்.ஐ.வி. மருந்துகளாயின. ஒன்று சால்சிடபைன், மற்றொன்று ஸ்டாவுடின். ஒரே மனிதரின் தோல்விப் பட்டியலிலிருந்து மூன்று மருந்துகள்.

பிழையே அதன் பலம்

ஏ.இசட்.டி. எப்படி வேலை செய்கிறது? எச்.ஐ.வி.யின் மரபுச் செய்தி ஆர்.என்.ஏ. வடிவில் இருக்கிறது. நம் உயிரணுவுக்குள் நுழைந்ததும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற நொதியைக் கொண்டு அதை டி.என்.ஏ.வாகப் படியெடுக்கிறது. டி.என்.ஏ. இழையை ஒரு ரயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ.இசட்.டி. பின்பக்கம் கொக்கி இல்லாத பெட்டி. முன்னால் இருக்கும் பெட்டியோடு அது சேர்ந்துகொள்ளும். அதற்குப் பின்னால் இன்னொன்றைக் கோர்க்க முடியாது. ரயில் அங்கேயே முடிந்துபோகும். வைரஸின் நொதி இந்தப் போலியிடம் எளிதில் ஏமாறுகிறது. நம் அணுக்கருவின் நொதிகள் அந்த அளவுக்கு ஏமாறுவதில்லை. இந்த வித்தியாசத்தில்தான் மருந்தே நிற்கிறது. ஆனால் வித்தியாசம் முழுமையானது அல்ல. தொடக்கத்தில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று நாளொன்றுக்கு 1500 மில்லிகிராம் கொடுத்தார்கள். எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு, பலருக்கு ரத்தம் ஏற்றும் அளவுக்கு ரத்தசோகை வந்தது.

அதைவிடப் பெரிய அடி 1989இல் விழுந்தது. ஏ.இசட்.டி.க்குக் கட்டுப்படாத வைரஸ்கள் நோயாளிகளிடம் இருப்பது தெரியவந்தது. ஏன் என்பதற்கு 1990களின் நடுவில் டேவிட் ஹோ, ஆலன் பெரல்சன் போன்றவர்கள் போட்ட கணக்கு விடை தந்தது. சிகிச்சை இல்லாத ஒருவர் உடலில் நாளொன்றுக்குச் சுமார் 1000 கோடி வைரஸ்கள் உற்பத்தியாகின்றன. வைரஸின் மரபுச் செய்தி ஏறக்குறைய 9,700 எழுத்துகள் கொண்டது. படியெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தும் வசதி கிடையாது. உற்பத்தியின் அளவையும் இந்தப் பிழைகளையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பாருங்கள். அந்த 9,700 இடங்களில் எந்த ஒரு இடம் மாறினாலும் அந்த மாற்றம் கொண்ட வைரஸ் ஒன்று அந்த உடலில் அன்றே பிறந்திருக்கும். ஒரே மருந்தைக் கொடுத்தால், அதிலிருந்து தப்பும் வைரஸ் ஏற்கெனவே தயாராக இருக்கிறது.

ஒரே வைரஸில் மூன்று வெவ்வேறு தப்பும் வழிகளும் ஒருசேர அமைவது அரிது. எனவே மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கூட்டு மருந்து என்ற இந்தப் பாடம் புதியது அல்ல. காசநோய் அதை முன்பே கற்றுக்கொடுத்திருந்தது. அந்தப் பாடத்தில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம்தான், இரண்டு மருந்துகளைச் சேர்த்து வீட்டிலிருந்தபடியே எடுத்துக்கொண்டாலும் சானடோரியத்தில் படுத்திருப்பவருக்குச் சமமாகக் குணமாகும் என்று உலகுக்குக் காட்டியது.

மஞ்சளும் ஊதாவும்

இனி, தேடல் ஆய்வகத்தில் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். உள்ளங்கையைவிடச் சற்று நீளமான ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் 96 சிறு குழிகள். ஒவ்வொரு குழியிலும் வளர்ப்புத் திரவத்தில் மனித வெள்ளணுக்கள். வைரஸைச் சேர்க்கிறார்கள். பிறகு சோதிக்க வேண்டிய சேர்மத்தை வெவ்வேறு செறிவில் சேர்க்கிறார்கள். சில நாள் கழித்து எம்.டி.டி. என்ற மஞ்சள் சாயத்தைச் சேர்க்கிறார்கள். உயிரோடு இருக்கும் அணு அந்த மஞ்சளை ஊதாவாக மாற்றும். செத்த அணுவால் முடியாது. மஞ்சளாகவே இருக்கும் குழியில் வைரஸ் வென்றது. ஊதாவான குழியில் சேர்மம் அணுக்களைக் காப்பாற்றியது.

ஆனால் அதே தட்டில் இன்னொரு வரிசையும் இருக்கும். அங்கே வைரஸ் கிடையாது. அணுக்களும் சேர்மமும் மட்டும். அந்த வரிசை மஞ்சளாகவே நின்றுவிட்டால் சேர்மமே அணுக்களைக் கொல்கிறது என்று பொருள். வைரஸைக் கொல்வது பெரிய காரியமே இல்லை. பிளீச்சிங் பவுடர் கரைசலும் கொல்லும். அணுவைக் கொல்லும் செறிவுக்கும் வைரஸைத் தடுக்கும் செறிவுக்கும் இடையில் எத்தனை மடங்கு இடைவெளி என்பதே கேள்வி. ‘சோதனைக் குழாயில் எச்.ஐ.வி. அழிந்தது’ என்று செய்தி படித்தால், இரண்டாவது வரிசையில் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

பெல்ஜியத்தின் லூவன் நகரில், ரேகா நிறுவனத்தில் எரிக் டி கிளர்க் குழுவினர் இந்தச் சோதனையை 1980களின் இறுதியில் எச்.ஐ.வி.க்காகச் சீர்ப்படுத்தினார்கள். மருந்துக் கண்டுபிடிப்பில் பேர்பெற்ற பால் ஜான்சன் தம் கிடங்கிலிருந்து சுமார் 600 சேர்மங்களை அவர்களிடம் கொடுத்தார். அவற்றுக்கு ஒரு தனித்தகுதி இருந்தது: வேறு நோய்களுக்கான சோதனைகளில் எந்தப் பலனும் காட்டாதவை அவை. உடலில் வேறெதையும் தொடாத பொருள், வைரஸை மட்டும் தொட்டால் நல்லதுதானே என்பது கணக்கு. அதில் ஒரு சேர்மம் சிக்கியது. டிபோ என்ற அந்த வகை 1990இல் அறிவிக்கப்பட்டது. அது ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸுக்குப் போலிப் பொருள் கொடுப்பதில்லை. நொதியின் பக்கவாட்டில் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்து அதன் அசைவையே முடக்கிவிடுகிறது. அந்த வழியில் இருபதாண்டு உழைத்ததன் பலன், 2011இல் ஒப்புதல் பெற்ற ரில்பிவிரின். ஜான்சன் 2003இலேயே காலமாகிவிட்டார்.

டி கிளர்க்குக்கு இன்னொரு நண்பர் இருந்தார். பிராக் நகரத்து வேதியியலாளர் அன்டோனின் ஹோலி. 1976இல் ஜெர்மனியில் ஒரு கருத்தரங்கில் இருவரும் சந்தித்தார்கள். ஐரோப்பா இரண்டாகப் பிளந்திருந்த காலம். ஹோலி பிராக்கில் சேர்மங்களைச் செய்து லூவனுக்கு அனுப்புவார். டி கிளர்க் வைரஸ்களின் மீது சோதித்து முடிவை எழுதுவார். அந்தக் கூட்டுறவில் பிறந்தது டெனோஃபோவிர். அதற்கும் ஒரு குறை இருந்தது: மின்னூட்டம் கொண்ட மூலக்கூறு என்பதால் குடல் அதை உறிஞ்சாது. ஜான் மார்ட்டின் தலைமையிலிருந்த கிலியட் நிறுவனம் அந்த மின்னூட்டத்தை மறைக்கும் இரு தொகுதிகளை ஒட்டி மாத்திரையாக்கியது. 2001இல் ஒப்புதல் கிடைத்தது. அதற்கு முன்பே, 1995இல், குரங்குகளுக்கு முன்கூட்டி டெனோஃபோவிர் கொடுத்தால் அவற்றின் எச்.ஐ.வி. போன்ற வைரஸ் தொற்றுவதே இல்லை என்று தெரிந்திருந்தது. தொற்று வராமல் காக்கும் மாத்திரை என்ற எண்ணம் அங்கிருந்து வளர்ந்தது. டெனோஃபோவிர் அடங்கிய மாத்திரைக்கு அந்தப் பயன்பாட்டுக்கான ஒப்புதலை அமெரிக்கா கொடுத்தது 2012 ஜூலை 16ஆம் தேதி. ஹோலி காலமானதும் அதே நாள்.

குறை குணமான கதை

இதுவரை சொன்னவை, இருந்த பொருளை எடுத்துப் பார்த்த கதைகள். இலக்கின் வடிவத்தை அறிந்து அதற்கேற்பச் செதுக்குவது இன்னொரு வழி. எச்.ஐ.வி. தன் புரதங்களை ஒரே நீண்ட சங்கிலியாகச் செய்கிறது. புரோட்டியேஸ் என்ற நொதி அதை வேண்டிய இடங்களில் வெட்டினால்தான் முழு வைரஸ் உருவாகும். 1989இல் இந்த நொதியின் படிக அமைப்பு தெரியவந்தது. தலா 99 அமினோ அமிலங்கள் கொண்ட இரண்டு ஒரே மாதிரிப் பாதிகள். நடுவில் வெட்டும் இடம். அந்த இடத்தில் பொருந்தி அகலாமல் நிற்கும் மூலக்கூறுகளை வடிவமைத்தார்கள். 1995 டிசம்பரில் சாக்வினாவிர், 1996 மார்ச்சில் ரிட்டோனாவிர், இண்டினாவிர். கூட்டு மருந்துக்கு மூன்றாவது கை கிடைத்தது. 1996இலிருந்து 1997க்குள் அமெரிக்காவில் எய்ட்ஸ் மரணங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன.

ரிட்டோனாவிரின் கதையைத் தனியே சொல்ல வேண்டும். அதற்கு ஒரு கெட்ட குணம்: கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் முக்கிய நொதியை அது முடக்கிவிடும். கூடவே எடுக்கும் மற்ற மருந்துகள் உடலில் தேங்கிப்போகும். எந்த மருந்து நிறுவனமும் விரும்பாத குணம். அந்தக் குணத்தையே வேலைக்கு வைத்தால் என்ன என்று யோசித்தார்கள். சாக்வினாவிர் போன்றவை வாய்வழியே எடுத்தால் ரத்தத்தில் சொற்பமே சேரும். கூடவே சிறிதளவு ரிட்டோனாவிர் கொடுத்தால் அது அவற்றைச் சிதையாமல் காக்கும். அப்படி அது தானே வைரஸைத் தாக்குவதை விட்டு, மற்ற மருந்துகளுக்குத் துணைபோகும் மருந்தாயிற்று. 2021இல் வந்த கோவிட் மாத்திரை பாக்ஸ்லோவிடிலும் அது இதே வேலையைத்தான் செய்கிறது.

அதே ரிட்டோனாவிர் 1998இல் வேதியியலாளர்களுக்கு ஒரு பாடமும் நடத்தியது. மருந்து சந்தைக்கு வந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. திடீரென்று சில கேப்ஸ்யூல் தொகுதிகள் கரைதல் சோதனையில் தேறவில்லை. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் அதுவரை யாரும் பார்த்திராத ஊசிப் படிகங்கள். மூலக்கூறு அதேதான். ஒரு அணுகூட மாறவில்லை. மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றி அடுக்கிக்கொண்ட விதம்தான் மாறியிருந்தது. புதிய படிகம் பழையதைவிட நிலையானது, அதனால் மிகக் குறைவாகவே கரையும். கரையாத மருந்து ரத்தத்துக்குள் போகாது. ஒருமுறை தோன்றிவிட்ட பிறகு, பழைய படிகத்தை எடுப்பதே பெரும்பாடாகிவிட்டது. புதிய படிகத்தின் கண்ணுக்குத் தெரியாத துகள் ஒன்று போதும், கரைசல் முழுவதும் அந்த வடிவத்துக்குப் போய்விடும். கேப்ஸ்யூல்களைத் திரும்பப் பெற்றார்கள். பிறகு குளிர்பெட்டியில் வைக்க வேண்டிய மென்கேப்ஸ்யூல் வந்தது. மருந்து என்பது மூலக்கூறு வாய்பாடு மட்டும் என்று எண்ணும் மாணவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

புன்னைக் குடும்பத்தில் ஒரு தேடல்

நம்மூரில் இந்தப் பொருளைப் பேசினால் ஒரு கேள்வி தவறாமல் வரும்: மூலிகையில் இல்லையா? நியாயமான கேள்வி. தாவரங்களில் தேடியிருக்கிறார்கள், பெரிய அளவில் தேடியிருக்கிறார்கள். 1980களின் நடுவிலிருந்து அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் உலகின் வெப்பமண்டலக் காடுகளிலிருந்து தாவரங்களைத் திரட்டி எச்.ஐ.வி.க்கு எதிராகச் சோதித்தது.

1987இல் மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் ஒரு மரத்தின் இலை, சுள்ளிகளைச் சேகரித்தார்கள். காலோஃபில்லம் லானிஜெரம் என்பது அதன் தாவரவியல் பெயர். நம் நெய்தல் நிலத்துப் புன்னை இருக்கிறதே, அதே பேரினம். அந்தச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த காலனோலைடு-ஏ, ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸை நன்றாகத் தடுத்தது. இன்னும் வேண்டுமென்று அதே இடத்துக்குத் திரும்பிப் போனால் அந்த மரம் அங்கே இல்லை. வெட்டப்பட்டிருந்தது. அக்கம்பக்கத்தில் அதே இனமென்று எடுத்துவந்த மற்ற மரங்களின் சாறுகளில் அந்தச் சேர்மம் கிட்டவில்லை. உறவுக்கார மரம் ஒன்றின் பாலில் காலனோலைடு-பி தாராளமாகக் கிடைத்தது. மரத்தை வெட்டாமலே பாலை எடுக்கலாம். காலனோலைடு-ஏவை ஆய்வகத்திலேயே செய்யவும் வழி கண்டார்கள். சரவாக் அரசும் ஒரு அமெரிக்க நிறுவனமும் கூட்டாக அதை மனிதர்களிடம் நடத்தும் முதற்கட்ட ஆய்வு வரை கொண்டுபோயின. அதற்குமேல் அது மருந்தாக வளரவில்லை. நம் புன்னையிலிருந்தும் இதே வகைச் சேர்மங்களைப் பிரித்து, அவையும் அந்த நொதியைத் தடுப்பதாக 1990களில் ஆய்வுக் கட்டுரை வந்திருக்கிறது.

இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. காட்டை அழித்தால் இன்னும் கேட்கப்படாத கேள்விகளின் விடைகளும் சேர்ந்து அழிகின்றன. அடுத்தது, மூலிகை என்பதற்காகத் தனிச் சலுகை கிடையாது; தட்டில் இரண்டு வரிசையிலும் தேற வேண்டும், விலங்கில் தேற வேண்டும், பிறகு மனிதரில் தேற வேண்டும். இந்தப் படிகளில் ஒன்றைக்கூட ஏறாமல் ‘எய்ட்ஸைக் குணப்படுத்துகிறோம்’ என்று விளம்பரம் செய்பவரை நம்பி, எடுத்துக்கொண்டிருக்கும் எச்.ஐ.வி. கூட்டு மருந்து (ஏ.ஆர்.டி.) மாத்திரையை நிறுத்துபவர் உயிரைப் பணயம் வைக்கிறார்.

கரையாத மூலக்கூறு

இப்போது அண்மைய மருந்துக்கு வருகிறேன். எச்.ஐ.வி.யின் மரபுச் செய்தி ஒரு கூம்பு வடிவ உறைக்குள் இருக்கிறது. கேப்சிட் என்று பெயர். ஒரே புரதத்தின் சுமார் 1500 பிரதிகள் அறுகோணங்களாகச் சேர்ந்து அந்தக் கூம்பைக் கட்டுகின்றன. அறுகோணங்களை மட்டும் வைத்தால் தளம் வளைந்து மூடிக்கொள்ளாது. சரியாகப் பன்னிரண்டு ஐங்கோணங்கள் வேண்டும். ஆய்லரின் கணிதம் இது. வைரஸும் அதை மீற முடியாது. யூட்டா பல்கலைக்கழகத்தின் வெஸ்லி சன்ட்குவிஸ்ட் குழுவினர் 1999இல் இந்த அமைப்பை விளக்கினார்கள். உறை மிகத் தளர்ந்தாலும் கெடுதல், மிக இறுகினாலும் கெடுதல் என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் மருந்து பிடிக்கத் தோதான ஆழமான பள்ளம் எதுவும் இந்தப் புரதத்தில் இல்லை என்று பலர் கைவிட்டிருந்தார்கள்.

2010இல் ஃபைசர் நிறுவனத்தார் பி.எஃப்.74 என்ற சேர்மம் கேப்சிட்டைப் பற்றிக்கொள்வதாக வெளியிட்டார்கள். உடலில் சீக்கிரமே சிதைந்துவிடுவதால் அது மருந்தாகத் தகுதியற்றது. ஆனால் பிடிமானம் எங்கே என்பதை அது காட்டிக்கொடுத்தது: அடுத்தடுத்து இருக்கும் இரண்டு புரதங்களின் இடைவெளி. கிலியட் நிறுவனத்தில் தோமஸ் சிஹ்லார் உள்ளிட்டோர் கேப்சிட் தேடலைப் பல ஆண்டுகள் விடாமல் நடத்தினார்கள். சிஹ்லார் பிராக்கிலிருந்து போனவர், ஹோலியிடம் பயின்றவர். அந்த உழைப்பில் பிறந்தது லெனகாபவிர். 10 ஃப்ளூரின் அணுக்கள் தாங்கிய பெரிய மூலக்கூறு. அது வந்து உட்கார்ந்தால் கூம்பு அணுக்கருவுக்குள் நுழைவதும் சிக்கல், புதிய கூம்பு உருவாவதும் சிக்கல்.

ஆனால் தண்ணீரில் கரையாது. மாத்திரையாக்குவோருக்கு அது பெரிய தலைவலி. மறுபுறம் அதன் வீரியம் மிக அதிகம். ரத்தத்தில் மிகச் சொற்பம் இருந்தாலே போதும். அப்படியானால் கரையாததை ஏன் கரைக்க வேண்டும்? வயிற்றுத் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டால் அது அங்கேயே ஒரு சேமிப்பாகத் தங்கி மெல்ல மெல்லக் கசியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி. மாத்திரை டப்பா வீட்டில் இருந்தால் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அஞ்சி வாழும் ஒரு பெண்ணுக்கு இது என்ன மாற்றம் என்று நினைத்துப் பாருங்கள்.

2022 டிசம்பரில், மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத நோயாளிகளுக்காக அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. 2024இல் வந்த முடிவுதான் உலகை நிமிரவைத்தது. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 16 முதல் 25 வயதுள்ள பெண்களிடம் நடந்த தடுப்பு ஆய்வில், இந்த ஊசி போட்டுக்கொண்ட 2,134 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. 2025 ஜூனில் தடுப்புக்கான ஒப்புதலும் வந்தது.

விலையும் ஒரு வேதியியல் கேள்வி

அமெரிக்காவில் அந்த ஊசியின் ஓராண்டு விலை 28 ஆயிரம் டாலருக்கு மேல். வசதி குறைந்த 120 நாடுகளில் விற்பதற்காக ஆறு நிறுவனங்களுக்கு உரிமம் தரப்பட்டிருக்கிறது. அவற்றில் ஹைதராபாத்தைச் சேர்ந்த டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டெரோ ஆகியவையும் உண்டு. 2027இலிருந்து ஆண்டுக்குச் சுமார் 40 டாலருக்குத் தர முடியும் என்று 2025 செப்டம்பரில் அறிவித்திருக்கிறார்கள்.

இந்த மாதிரி இறக்கத்தை உலகம் முன்பே பார்த்திருக்கிறது. 2000 வாக்கில் மூன்று மருந்துக் கூட்டுக்கு ஆண்டொன்றுக்கு 10 ஆயிரம் டாலருக்கு மேல் ஆயிற்று. 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனத்தின் யூசுஃப் ஹமீது, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு அதை 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தார். 1970ஆம் ஆண்டு இந்தியக் காப்புரிமைச் சட்டம் மருந்தின் செய்முறைக்கு மட்டும் காப்புரிமை அளித்ததால், வேறு வழியில் அதே மூலக்கூறைச் செய்ய நம் வேதியியலாளர்களால் முடிந்தது. மூன்றையும் ஒரே மாத்திரையில் சேர்த்தார்கள். அதில் ஒன்று ஹார்விட்ஸ் செய்த ஸ்டாவுடின். இன்று டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த, நாளுக்கு ஒரே மாத்திரை, எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியம் வாங்கும் விலையில் ஆண்டுக்கு 45 டாலருக்கும் குறைவு. ஒரு படியைக் குறைப்பது, விலையுயர்ந்த வினையூக்கியைத் தவிர்ப்பது, விளைச்சலைக் கொஞ்சம் கூட்டுவது, இவையெல்லாம் உயிர் காக்கும் வேலைகள்தாம்.

நம் ஊருக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள், ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டன. 2004 ஏப்ரலில் அரசு இலவச ஏ.ஆர்.டி. திட்டத்தைத் தொடங்கியபோது தாம்பரம் மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. சுனிதி சாலமன் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர் பங்கெடுத்த பன்னாட்டு ஆய்வு ஒன்று 2011இல் சொன்ன செய்தி மிக முக்கியமானது: தொற்றுள்ளவர் காலத்தோடு சிகிச்சையைத் தொடங்கினால் துணைவருக்குத் தொற்றுவது 96 விழுக்காடு குறைகிறது. ரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்குப் போய் அப்படியே நீடித்தால் உடலுறவு வழியே பரவாது என்பது இன்று உறுதியான அறிவியல்.

இன்னும் கேட்கப்படாதவை

மிச்சம் என்ன? மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் வைரஸ் ஏன் திரும்பி வருகிறது? தன் டி.என்.ஏ.வை நம் உயிரணுவின் டி.என்.ஏ.வோடு இணைத்துவிட்டு, சில வெள்ளணுக்களுக்குள் அது உறங்குகிறது. அங்கே வைரஸின் நொதி வேலை எதுவும் நடப்பதில்லை. ஆகவே நொதியைத் தடுக்கும் எந்த மருந்துக்கும் அங்கே வேலையில்லை. அந்தச் சேமிப்பு பாதியாகக் குறையவே சுமார் 44 மாதம் ஆகிறது. அந்தக் கணக்கில் முழுதும் கரைய எழுபதாண்டுக்கு மேல் வேண்டும். உறங்குவதை எழுப்பிவிடும் சேர்மங்களைத் தேடுகிறார்கள். சமோவாத் தீவின் மரம் ஒன்றிலிருந்து வந்த புரோஸ்ட்ராட்டின் அவற்றில் ஒன்று. எழுப்பாமலே நிரந்தரமாக உறங்கவைக்கும் வழியையும் தேடுகிறார்கள். இரண்டிலும் கையில் மருந்து இன்னும் இல்லை.

மாணவ நண்பர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். அந்தத் தட்டில் சாயம் நிறம் மாறுவதைப் பார்த்தோம். அந்தச் சோதனை வந்த பிறகுதான் டிபோ அகப்பட்டது. உறங்கும் வைரஸுக்கு அவ்வளவு எளிதான, மலிவான, பத்தாயிரம் சேர்மங்களை ஒரு வாரத்தில் ஓட்டிப் பார்க்கக்கூடிய சோதனை இன்னும் அமையவில்லை. வைரஸ் உறங்கும் அணுவும் வைரஸ் இல்லாத அணுவும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கின்றன; பத்து லட்சம் வெள்ளணுக்களில் வைரஸ் உறங்குபவை ஒன்றிரண்டுதான். எனவே புதிய மூலக்கூறு செய்வதற்குச் சமமான பெரிய வேலை, புதிய சோதனை செய்வது. உங்கள் ஆய்வில் ஒரு சேர்மம் தோற்றால் அதையும் முறையாக எழுதி வெளியிடுங்கள். உருகுநிலை, கரைதிறன், எதில் தோற்றது என்பது உட்பட. வெற்றிகளை எல்லாரும் எழுதிவிடுவார்கள். தோல்விகளின் கணக்கு ஒழுங்காக இருக்கும் நாட்டில்தான் அடுத்த மருந்து சீக்கிரம் கிடைக்கும்.